மானியத்துடன் தொழில் கடன்: கடலூர் மாவட்டக் கிராமத்தில் தொழில் தொடங்குபவருக்கான முழுமையான வழிகாட்டி

கடலூர் செம்மண்டலம் தொழிற்பேட்டையில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "மானியம் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வங்கி கடனுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் மானியம் என்ற பேச்சே எழும் என்பதையும், அந்த மானியமும் மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே பூட்டிக் கிடக்கும் என்பதையும் அறிந்து வருபவர் மிகச் சிலர். பண்ருட்டி – விருத்தாசலம் சாலையோரக் கிராமம் ஒன்றில் முந்திரிப் பருப்பு எடுக்கும் சிறிய தொழிலை இந்த வழியில் தொடங்கியவன் நான். அதன்பின் பலருடைய விண்ணப்பங்களுக்கு உடன் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். தகுதி இல்லாமல் தோற்றவர்களைவிட, படிகளை முன்பின்னாகச் செய்து தோற்றவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

கணக்குகளுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் தொடங்கும் முந்திரிப் பதப்படுத்தும் தொழில், இயந்திரம், மின் இணைப்பு, கொட்டகைச் சீரமைப்புக்கு 5 லட்சம், கொட்டை வாங்கவும் கூலி கொடுக்கவும் சுழலும் பணமான நடைமுறை மூலதனம் 3 லட்சம், மொத்தம் 8 லட்சம் ரூபாய்.

1. தொழிலைத் தீர்மானித்த பிறகே திட்டத்தைத் தேடுங்கள்

மானியம் அதிகம் என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தவர்கள் வங்கி மேலாளரின் மூன்றாவது கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். எதைச் செய்வது, யாரிடம் மூலப்பொருள் வாங்குவது, யாருக்கு விற்பது என்ற மூன்றுக்கும் ஊர்ப்பெயர், கடைப்பெயரோடு விடை சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். முடியாவிட்டால், அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் ஒரு மாதமாவது வேலை செய்துவிட்டு வாருங்கள்.

2. உங்களுக்குப் பொருந்தும் ஒரே ஒரு திட்டம்

ஒரே இயந்திரத்துக்கு இரண்டு திட்டங்களில் மானியம் பெற இயலாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் விதிகளை முழுதாகப் படிப்பதே சிக்கனமான வழி.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., புதிய தொழிலுக்கு மட்டுமே உரியது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு இருக்கலாம். 2022இல் திருத்தப்படும்வரை இவை 25 லட்சமாகவும் 10 லட்சமாகவும் இருந்தன. இந்த வரம்புகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம். நகர்ப்புறத்தில் அது முறையே 15, 25 சதவீதமாகக் குறைகிறது. கையிலிருந்து போட வேண்டிய பங்கு பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5 சதவீதம். வருமான வரம்பு இல்லை. உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கும் சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டமானால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே பயன்பெற முடியும்.

தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில், அதாவது யு.ஒய்.இ.ஜி.பி.யில், மானியம் 25 சதவீதம். உச்ச அளவு 3.75 லட்சம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும், ஆண்டுக் குடும்ப வருமானம் 5 லட்சத்துக்கு மிகாமையும் இதற்குத் தேவை. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான பெரிய திட்டங்களுக்குத் தமிழக அரசின் 'நீட்ஸ்' என்ற புதிய தொழில்முனைவோர் திட்டம் இருக்கிறது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் எல்லாவற்றுக்கும் முன்பு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் 35 சதவீத மூலதன மானியத்தோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்குவதற்கும் அது பொருந்தும்.

உணவுப் பொருள் சார்ந்த தொழில் முன்பே நடந்துகொண்டிருந்தால், உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான ஒன்றிய அரசின் திட்டம், அதாவது பி.எம்.எஃப்.எம்.இ., சரியான இடம். 35 சதவீத மானியம், உச்ச அளவு 10 லட்சம், சொந்தப் பங்கு குறைந்தது 10 சதவீதம். இதில் பழைய தொழில், புதிய தொழில் என்ற தடை கிடையாது. ஆடு, கோழி வளர்ப்பவர்கள் தொழில் மையத்தில் காத்திருக்காமல், தேசியக் கால்நடை இயக்கத்துக்காகக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்துக்குச் செல்லலாம்.

முத்ரா என்பது பிணையில்லாக் கடன் மட்டுமே. அதில் மானியம் கிடையாது. "முத்ராவில் பாதி தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவது நல்லது.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். பி.எம்.இ.ஜி.பி.யில் அந்தப் பெண்ணின் பங்கு 40,000 ரூபாய், வங்கிக் கடன் 7.6 லட்சம், மானியம் 2.8 லட்சம். யு.ஒய்.இ.ஜி.பி.யில் மானியம் 2 லட்சமாகிறது. பி.எம்.எஃப்.எம்.இ.யில் கையிலிருந்து 80,000 ரூபாய் போட வேண்டும். புதிதாகத் தொடங்குவதால் முதல் திட்டமே அவருக்குப் பொருத்தம்.

3. இடத்தை உறுதிசெய்தல்

ஒரே தெருவின் ஒரு பக்கம் நகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கும் இடங்கள் பண்ருட்டியைச் சுற்றி உண்டு. எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் கொட்டகை இருக்கிறது என்பதில், நம் எடுத்துக்காட்டில் மட்டும் 80,000 ரூபாய் வேறுபாடு வருகிறது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கிராமப்புறச் சான்று கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பேரூராட்சியாக இருந்தால் தொழில் மையத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக் கொட்டகையானால், பதினொரு மாத ஒப்பந்தம் போதாது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தொழில் அதே இடத்தில் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள் என்பதால் வங்கி நீண்ட ஒப்பந்தத்தையே விரும்பும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும். இடத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. நிலம் வாங்கக் கடன் தருவார்கள் என்று நினைத்து வருபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

மும்முனை மின்சாரம் எந்தக் கம்பம் வரை வந்திருக்கிறது என்பதையும் நேரில் பாருங்கள். 12 கிலோவாட் வரையிலான குடிசை, குறுந்தொழில்களுக்குத் தனிக் கட்டண வகை உண்டு. வீட்டு இணைப்பிலிருந்து இழுத்து ஓட்டினால் அபராதம் வரும். கொட்டையை உருளையில் வறுக்கும் முறையென்றால் புகை அக்கம்பக்கத்தாரைத் தொடும். வேகவைக்கும் முறையில் அந்தச் சண்டை குறைவு. எதுவானாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். சாலையில் பத்து நிமிடத்தில் மாநில எல்லை மாறிவிடுகிறது. புதுச்சேரியில் வசிப்பவருக்குத் தமிழக அரசின் திட்டங்கள் பொருந்தா. அவர் தட்டாஞ்சாவடியில் உள்ள புதுச்சேரி மாவட்டத் தொழில் மையத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

4. ஆவணங்களில் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

ஆதார், பான், சாதிச் சான்று, கல்விச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், இட ஆவணம், புகைப்படம் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தடுமாற்றம் தலைப்பெழுத்தில் வருகிறது. பள்ளிச் சான்றில் தந்தையின் தலைப்பெழுத்து, ஆதாரில் கணவரின் பெயர், பான் அட்டையில் தலைப்பெழுத்து விரிந்து முன்னால் நிற்கும் முழுப்பெயர் என்று ஒரே பெண் மூன்று பெயர்களில் இருப்பது நம் ஊரில் வெகு சாதாரணம். ஆதாரை மையமாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். திருத்தத்துக்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இந்த வேலையை விலைப்புள்ளி வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் கைப்பேசியும் போதும். கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் தென்படும் என்பதால் அரசு முகவரியைப் பார்த்துத் திறக்கவும். உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

கடன் வரலாற்று அறிக்கையை நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக்கடனில் தவறிய இரண்டு வாரத் தவணையும், மைத்துனரின் டிராக்டர் கடனுக்கு எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் எழுந்து நிற்கும். மேலாளர் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்பு நிலுவையைக் கட்டி, அதற்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

5. விலைப்புள்ளி வாங்குதல்

கொட்டேஷன் என்று எல்லோரும் சொல்லும் விலைப்புள்ளியை ஜி.எஸ்.டி. எண் உள்ள விற்பனையாளரிடமிருந்து, இயந்திரத்தின் மாதிரி எண், குதிரைத்திறன், வரி, ஏற்றுக்கூலி, பொருத்தும் செலவு எல்லாம் தனித்தனியாகத் தெரியும்படி வாங்குங்கள். பின்னால் வரும் பில் இதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பதே காரணம்.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். விலை ஏறப்போகிறது என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, கடன் ஒப்புதலுக்கு முன்பே உலர்த்தும் பெட்டிக்கு முழுப்பணம் கொடுத்து இறக்கிவிட்டேன். பில்லின் தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தையதாக இருந்ததால், அந்தப் பெட்டியை வங்கி திட்ட மதிப்பிலிருந்து நீக்கிவிட்டது. அதற்கான மானியமும் அதோடு போயிற்று. ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டுக்குக்கூட பில் போட வேண்டாம்.

விலையைக் கூட்டி எழுதி, மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரும் உண்டு. கூட்டிய தொகைக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்தான். நேராய்வில் பிடிபட்டால் மானியம் திரும்பிப் போகும்.

6. திட்ட அறிக்கை

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவிட வேண்டும். பலர் இதைத்தான் இணைய மையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய அறிக்கையில் ஆண்டுக்கு 300 வேலை நாள், முழுத் திறனில் உற்பத்தி, முதல் மாதத்திலிருந்தே லாபம் என்று அச்சடித்திருக்கும். பண்ருட்டிப் பக்கத்து மேலாளர் எவரும் அதை நம்பமாட்டார். அவருடைய கிளையிலேயே முந்திரிக்காரர்கள் பலருக்குக் கணக்கு இருக்கும்.

ஒரு நேர்காணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மேலாளர் கேட்டது இது: "ஒரு மூட்டைக் கொட்டை எத்தனை கிலோம்மா?" அவருடைய அறிக்கையில் 50 கிலோ என்று இருந்தது. "எண்பது கிலோ சார், அது டைப் அடிச்சவங்க போட்டது" என்றார். மேலாளர் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "அப்போ உங்க கணக்கை நீங்களே வாயால சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் பல ஆண்டுகள் கையில் சாம்பல் பூசிக் கொட்டை உடைத்தவர். மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறும், முழுப்பருப்பு எத்தனை, உடைசல் எத்தனை, உடைப்புக் கூலி எவ்வளவு என்று தயங்காமல் சொன்னார். கடன் கிடைத்தது. ஆனால் எல்லா மேலாளரும் அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கேட்கமாட்டார்கள். எனவே நீங்கள் வாயால் சொல்லக்கூடிய கணக்கே தாளிலும் இருக்க வேண்டும்.

அதை எழுதும் முறை எளிது. ஒரு மூட்டையிலிருந்து தொடங்குங்கள். 80 கிலோ கொட்டையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பருப்பாகத் தேறும் என்று வைத்துக்கொண்டு, தரம் பிரித்த விலையில் விற்பனையையும், கொட்டை விலை, கூலி, மின்சாரம், விறகு, பொதி செலவையும் எழுதினால் மூட்டைக்கு மிஞ்சுவது தெரிந்துவிடும். மாதம் எத்தனை மூட்டை உடைத்தால் தவணையும் வீட்டுச் செலவும் நிற்கும் என்பதே அடுத்த வரி. 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால், மானியம் போக மீதமுள்ள 4.8 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய். மிச்சம் இதைப்போல் ஒன்றரை மடங்காவது இல்லாத அறிக்கையை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

நடைமுறை மூலதனத்தை எழுதும்போது பருவத்தை நினைவில் வையுங்கள். நம் பக்கத்துக் கொட்டை பங்குனி, சித்திரையில்தான் குவிகிறது. அப்போது வாங்கி வைக்கப் பணமில்லாதவர் ஐப்பசியில் வியாபாரி சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது ஆப்பிரிக்கக் கொட்டைக்குப் போக வேண்டும். ஆகவே மூலதனத்தை மாதச் சராசரியாகப் போடாமல் பருவக் கொள்முதலாகப் போடுங்கள். பணம் பருவத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டுமானால், அறிக்கை வேலையை ஐப்பசியில் தொடங்குவதே என் கணிப்பில் சரியான காலம்.

அதே நேரத்தில் தேவைக்கு மேல் கேட்கவும் வேண்டாம். பி.எம்.இ.ஜி.பி. விதிப்படி, மூன்று ஆண்டுக் காலத்தில் ஒருமுறையாவது, நடைமுறை மூலதனத்துக்காக வங்கி தரும் ரொக்கக் கடன் வரம்பை முழுமையாகத் தொட்டிருக்க வேண்டும். சராசரிப் பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த அளவுக்கு மானியம் பிடிக்கப்படும். "கிடைக்கிறதே" என்று வரம்பைக் கூட்டி வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் இதைக் கேட்டுத் திகைக்கிறார்கள்.

7. விண்ணப்பத்துக்கு முன்பு வங்கிக்குச் செல்லுதல்

இணையத்தில் ஏற்றிவிட்டு வங்கியிலிருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருப்பது பொதுவான தவறு. அறிக்கையின் நகலோடு கிளை மேலாளரை முதலில் பார்த்து, இந்தத் தொழிலுக்கு அவர் கடன் கொடுக்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று அறிந்துகொள்ளுங்கள். உங்கள் வரவுசெலவு ஓடும் கிளையாக இருந்தால் மேல். மாதத்தின் கடைசி நாள்களையும் மார்ச் மாதத்தையும் தவிர்த்துச் செல்லவும்.

10 லட்சம் வரையிலான குறுந்தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகொடுக்க, அதற்காகவே கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. பத்திரம் கேட்டால் சண்டை பிடிக்காமல், "உத்தரவாதத் திட்டத்தின் கீழ் எடுத்துக்கொள்ளலாமே சார்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். ஆனால் மனமில்லாத கிளையை வற்புறுத்துவதைவிட வேறு கிளையைத் தேடுவது விரைவானது என்பது என் அனுபவம்.

8. இணைய விண்ணப்பம்

கட்டணம் எதுவும் இல்லை. இடைத்தரகருக்கும் இதில் இடமில்லை. செயற்படுத்தும் முகமையாக மாவட்டத் தொழில் மையத்தையோ கதர் வாரியத்தையோ தேர்ந்தெடுக்கலாம். வங்கிக் கிளைக்கு முதல் விருப்பத்தோடு மாற்று விருப்பமும் கேட்கும். அதைக் காலியாக விடாதீர்கள். கைப்பேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். இணைய மையக்காரர் தம் எண்ணைக் கொடுத்துவிட்டால், கடவுச்சொல்லும் எல்லாத் தகவலும் அவருக்கே போகும். குறைபாட்டைச் சரிசெய்யச் சொல்லும் செய்தியைப் பார்க்காமலேயே விண்ணப்பம் திரும்பிய கதைகள் உண்டு.

9. ஒப்புதலிலிருந்து இயந்திரம் ஓடும் வரை

ஒப்புதல் கடிதம் வந்ததும் தொகை, வட்டி, தவணை விடுப்புக் காலம், திட்டத்தின் பெயர் ஆகிய நான்கையும் படியுங்கள். திட்டத்தின் பெயர் இல்லாமல் சாதாரணக் கடனாகப் போடப்பட்டிருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். பிறகு மானியம் கோர வழியிருக்காது.

அடுத்து உங்கள் பங்குத் தொகையைக் கட்ட வேண்டும். தொழில்முனைவோர் பயிற்சியையும் இப்போதே முடித்துவிடுங்கள். 5 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்துக்குப் பத்து நாள், அதற்குக் கீழே ஐந்து நாள், 2 லட்சம் வரை கட்டாயமில்லை. சான்றிதழ் இல்லாமல் மானியக் கோரிக்கை நகராது. பணம் உங்கள் கைக்கு வராது. விற்பனையாளர் கணக்குக்கு வங்கியே அனுப்பும். இயந்திரம் இறங்கிய அன்றே வரிசை எண் தெரியும்படி படமெடுத்து, பில்லோடு கொண்டுபோய்க் கொடுங்கள். கடனின் முதல் பகுதி விடுவிக்கப்பட்டதும் வங்கி மானியத்தைக் கோரும். "கிளெய்ம் போட்டாச்சா சார்?" என்று வாரம் ஒருமுறை போய்க் கேட்பதில் தவறில்லை, மறந்துபோன கோரிக்கைகள் பல.

10. பூட்டிக் கிடக்கும் மூன்று ஆண்டுகள்

வந்த மானியம் உங்கள் பெயரில் மூன்றாண்டு வைப்பாக வைக்கப்படும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு உங்களிடமும் வட்டி வாங்கக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் வைப்புத் தேதிக்குப் பிறகு 2.8 லட்சத்துக்கு வட்டி ஏறக் கூடாது. கணக்கு அறிக்கையை எடுத்துச் சரிபாருங்கள். ஏறியிருந்தால் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

திட்டத்தின் பெயருள்ள பலகையை வாசலில் மாட்டி வையுங்கள். இயந்திரத்தை விற்பதும், கதவை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போவதும் மானியத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காப்பீட்டில் இயந்திரத்தோடு சரக்கும் சேர்ந்திருக்கிறதா, வெள்ளம் உட்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை மீறி வந்தபோது, பாலிசி இருந்தும் சரக்கைச் சேர்க்காமல் விட்டவர்கள் நனைந்த மூட்டைகளுக்கு ஒன்றும் பெறவில்லை. ஆற்றோரக் கொட்டகையானால் இயந்திரத்துக்கு இரண்டடி மேடை கட்டிவிடுங்கள்.

மூன்று ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, வைப்பைக் கடனில் சரிசெய்யக் கோரி வங்கிக்கும் முகமைக்கும் கடிதம் கொடுங்கள். நேராய்வுக்கு வருபவரிடம் காட்ட மின் கட்டண ரசீதுகள், கொள்முதல், விற்பனைப் பில்கள், கூலிப் பதிவேடு ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். சரிசெய்த பிறகு, மீதத் தொகை எழுதிய கணக்கு அறிக்கையில் கிளையின் முத்திரையோடு கையெழுத்து வாங்கி, அதை ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். இரண்டாம் முறை விரிவாக்கக் கடன் கேட்கும்போது முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.